எழுபத்துநாலு கிலோ

ஜூன் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. இடவப்பாதி மழை இந்த வருடம் நாள் தவறாமல் வந்துவிட்டது. கொடியில் ஒன்றும் காயவில்லை. இவருடைய லுங்கி நான்கும் ஈரம்.

இன்று முதல் நாள். கோட்டாறு ஜிம். பெண்களுக்கு இரண்டரையிலிருந்து நாலு மணி வரை. சொல்லித்தருகிறவள் பெயர் பௌசியா. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. புருஷனோடு துபாயில் இருந்தபோது படித்தாளாம். தலையில் முக்காடு, காலில் டிராக் பேண்ட். நோட்டு போடச் சொன்னாள். "என்னைக்கு எத்தன கிலோ, எத்தன தடவ, எல்லாம் எழுதணும் அக்கா. இல்லேன்னா மனசு பொய் சொல்லும்." அதனால் இந்த நோட்டு. தையல் அளவு எழுத வாங்கினது. முன்பக்கம் நாலைந்து பிளவுஸ் அளவு கிடக்கிறது. கிடக்கட்டும்.

ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்புவது): வெறும் பார், 15 கிலோ. 5, 5, 5.
பிரஸ் (தலைக்கு மேல் தூக்குவது): முடியவில்லை. கம்பு ஒன்று தந்தாள்.
டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்குவது): 25 கிலோ. 5.

"எதுக்கு வந்திய அக்கா? மெலியவா?"

"ஒரு ஆளத் தூக்கணும்."

"ஆர?"

"எங்க வீட்டுக்காரர."

"எத்தன கிலோ இருப்பாவ?"

"எழுபத்துநாலு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னை எடை பார்த்தாள். ஐம்பத்தொன்று. வயது கேட்டாள். நாற்பத்தாறு. "செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

திங்கள், புதன், வெள்ளி. ஐந்து ஐந்தாக மூன்று முறை. ஒவ்வொரு நாளும் இரண்டரை கிலோ கூட்ட வேண்டும். பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். இருபத்தைந்திலிருந்து எழுபத்துநாலுக்கு ஏழு வாரம்.

போன வியாழன் நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதினால் இறங்குமா பார்ப்போம். பொங்கல் கழிந்து ஸ்ட்ரோக் வந்து இவருக்கு இடது கையும் இடது காலும் போனது. அன்றிலிருந்து கட்டில், நாற்காலி, கக்கூஸ், எல்லாம் நான் தூக்கித்தான். பாதி தூக்கல், பாதி இழுப்பு. வியாழன் காலை குளிமுறியில் சோப்புத் தண்ணீரில் என் கால் வழுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். நான் அடியில். எனக்கு ஒன்றுமில்லை. இவரை எழுப்ப முடியவில்லை. கக்கத்தில் கை கொடுத்துப் பார்த்தேன். துண்டைக் கட்டி இழுத்தேன். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஈரத் தரையில் கிடந்தார். உடம்பில் துணி இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு லீலாக்கா ரோட்டுக்கு ஓடி, தேங்காய் வெட்ட வந்த மூன்று பேரைக் கூட்டி வந்தாள். மூன்று பேரும் தெரிந்தவர்கள். இவர் ஓட்டின மினிலாரியில் வாழைக்குலை ஏற்றினவர்கள். இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கட்டிலில் கிடத்தின பிறகும் திறக்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

தொடை இரண்டும் கல். உட்கார்ந்தால் எழும்ப வரவில்லை. மிஷின் மிதிக்கவும் முடியவில்லை.

இவர்: "ஏட்டி, என்னத்துக்கு நொண்டுத?"

சொன்னேன்.

"உனக்கு வட்டுப் பிடிச்சிருக்கா? நாப்பத்தாறு வயசுல பயில்வானாவப் போறியா?"

 பதிலை அடுக்களையில் போய் நின்று தனியாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன்.

பிரஷர் மாத்திரை தீருகிறது.
டீச்சர் பிளவுஸ் இரண்டு, வெள்ளிக்குள்.
கொக்கி, நூல் (மெரூன்).
லீலாக்காவுக்கு நன்றி சொல்லவே இல்லை.

ஜூன் 5, புதன்

ஸ்கு. 17.5: 5, 5, 5. டெ. 27.5: 5.

இரண்டாவது தடவை உட்காரும்போது பேண்ட் நடுவில் பிரிந்தது. தையல்காரி பேண்ட்! சுடிதார் டாப் நீளம், தப்பித்தேன். பௌசியா பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து எத்தனை நாள்.

லீலாக்காதான் இந்த நேரம் இவரோடு இருக்கிறாள். டிவி போட்டுவிட்டு முறுக்கு தின்கிறாளாம். இவர் சொல்கிறார்.

ஜூன் 7, வெள்ளி

ஸ்கு. 20. டெ. 30. எல்லாம் முடிந்தது.

அபி போன். மகள். கோயம்புத்தூரில் நர்சிங், இரண்டாம் வருடம். விழுந்த கதையை லீலாக்கா சொல்லியிருக்கிறாள்.

"எம்மா, நான் டிசி வாங்கிட்டு வாறேன்."

"வாண்டாம்."

"நீங்க ரெண்டு பேரும் விழுந்து செத்துக் கெடந்தா ஆருக்குத் தெரியும்? நான் இஞ்ச என்னத்தப் படிக்க?"

"படி. அவ்வளவுதான். வச்சுரு."

 படிப்பை விட்டால் அவளுக்கும் இந்தக் கட்டில்தான்.

ஜூன் 10, திங்கள்

ஜிம் போகவில்லை. இவருக்குக் காய்ச்சல். மூத்திரம் சாயா நிறம். லீலாக்காவும் ஆட்டோக்காரரும் நானும் சேர்ந்துதான் வண்டியில் ஏற்றினோம். டாக்டர் கேட்டார், தண்ணீர் குடிக்கிறாரா? குடிக்கிறார் என்றேன். வைக்கிற செம்பு காலியாகிறதே!

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே சுவர் ஓரம் பாசி பிடித்திருந்தது. நல்ல கை எட்டுகிற இடம். விழுந்த நாளிலிருந்து தண்ணீரை வெளியே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன்?"

மறுபடியும் கேட்டேன்.

"குடிச்சா போவணும். போவணும்னா நீ தூக்கணும்."

அடிக்கலாம் போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் முழுவதும் குடிக்க வைத்தேன். குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி. இவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஜூன் 14, வெள்ளி

காய்ச்சல் இறங்கியது.
ஸ்கு. 25. டெ. 35.

பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பெண்கள். "புருஷன் கெடையில கெடக்கான், இவ ஜிம்முக்குப் போறா." மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்கிற அளவு மெதுவாக. திரும்பவில்லை. சுசீந்திரம் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். குளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது.

ஜூன் 17, திங்கள்

பெருநாள். ஜிம் இல்லை. பௌசியா போனில் ஆடை எல்லாம் காட்டினாள், கொள்ளாம், நல்ல அழகு. எனக்குள் என்னவோ பதற்றம். ஒரு நாள் போனால் ஏழு வாரம் எட்டாகிவிடுமே.

இவர் இன்று நான்கு கிளாஸ் குடித்தார். எண்ணினேன். நான்கு தடவை தூக்கினேன். நான்காவதில் இடுப்பில் கத்தி.

ஜூன் 21, வெள்ளி

ஸ்கு. 30: 5, 5, 3. முடியவில்லை.
டெ. 40: 2.

பார் தரையை விட்டு வரவில்லை. இழுத்தேன், இழுத்தேன். ஒட்டி வைத்த மாதிரி. அப்படியே குனிந்த நிலையில் அழுகை வந்துவிட்டது. மற்ற பெண்கள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பௌசியா: "இன்னைக்கு என்ன தின்னிய?"

யோசித்துப் பார்த்தேன். காலையில் பால் இல்லாத கட்டன் சாயா. மத்தியானம் இவருக்குக் கொடுத்து மிஞ்சின கஞ்சி.

"நேத்து?"

அதுவும் அதேதான்.

"சோறு தின்னாத ஆளுக்கு எப்பிடி அக்கா பெலம் வரும்? நாளையில இருந்து ரெண்டு முட்டை. சாளை மீன் வாங்கிக் கறி வையுங்க. பயறு அவியுங்க. அவரு தின்ன பொறவு இல்ல, அவரு கூட இருந்து தின்னணும்."

கணக்கெல்லாம் போச்சு. நாற்பதே வரவில்லை. எழுபத்துநாலு எங்கே.

ஜூன் 22, சனி

மடத்தனம் செய்துவிட்டேன்.

கோபத்தில்தான். காலையில் கட்டிலிலிருந்து இவரை ஒரேயடியாகத் தூக்கி நாற்காலியில் வைக்கப் பார்த்தேன், பாரைத் தூக்குகிற மாதிரி. பார் சும்மா இருக்கும். மனுசன் சும்மா இருப்பதில்லை. இடது பக்கம் வழிந்துகொண்டே போனது. பிடிக்கப் போய் முதுகில் என்னவோ சொடுக்கியது. இவர் பாதி கட்டிலில், பாதி என் மேல். லீலாக்கா வரும் வரை அப்படியே நின்றேன்.

இனி இழுப்பும் கிடையாது. படுத்திருக்கிறேன். கவிழ்ந்து படுத்து எழுதுகிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

இவருடைய அண்ணன் பூதப்பாண்டியிலிருந்து வந்தார். நான் தரையில் பாய் போட்டுக் கிடக்கிறேன், தம்பி கட்டிலில் கிடக்கிறார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நல்ல ஹோம் ஒண்ணு இருக்கு. கெடையில கெடக்கவங்களுக்குன்னே உள்ளது. வேளைக்குச் சாப்பாடு. தூக்க ஆளு உண்டு." இவரை வைத்துக்கொண்டே சொன்னார். "நான் குத்தம் சொல்லலம்மா. உன்னால ஒக்குமா? நீயே பாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "கொண்டு போய் விடுங்கண்ணே."

"ஒங்கட்ட ஆரு கேட்டா?" என்று கத்தினேன். முதுகு பிடித்துக்கொண்டது.

"நான் சொல்லணும்லா. கெடக்கது நான்தான."

அண்ணன் ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று.

ஜூன் 25, செவ்வாய்

முதுகு அப்படியே. டாக்டர் ஊசி. எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைதான், ஒரு வாரம் பாரம் கூடாது. இதை எப்படி இவரிடம் சொல்வது? பாரமே இவர்தான். லீலாக்காவின் மகன் காலையும் மாலையும் வந்து தூக்கிவிட்டுப் போகிறார். நடுவில் மூத்திரப் பாட்டில், பெட்பேன். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன். நானும் யோசித்தேன். ஹோமில் விட்டால் என்ன? அபி படிப்பாள். என் முதுகு பிழைக்கும். காலையில் மழைச்சத்தம் கேட்டுக்கொண்டு ஆறு மணி வரை படுத்திருக்கலாம். ஒரு பிளவுஸை எடுத்தால் நடுவில் எழும்பாமல் முடிக்கலாம். யோசிக்க யோசிக்க நன்றாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

மத்தியானம் இவர் சொன்னார்: "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டு போவாம இருந்திருக்கலாம் நீ."

காதில் விழாத மாதிரி இருந்தேன். விழுந்தது.

ஜூலை 1, திங்கள்

ஸ்கு. 15. வெறும் பார். திரும்பவும் முதலிலிருந்து.
டெ. 25.

போவதா வேண்டாமா என்று பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டேன். பௌசியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணன் வந்தது வரை. கேட்டுவிட்டு, "தப்பு என் பேர்ல அக்கா" என்றாள். "எனக்குப் பாரத் தூக்கச் சொல்லித் தரத்தான் தெரியும். நோக்காட்டுக்காரரத் தூக்கத் தெரியாது. தெரியாதுன்னு முன்னமே சொல்லியிருக்கணும்." தெரிந்த பிசியோதெரபிப் பெண் ஒருத்தியை அனுப்புகிறாளாம்.

தெரியாது என்று யாராவது சொல்லிக் கேட்டு வெகுநாள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஜூலை 3, புதன்

ஸ்கு. 20. டெ. 30. முதுகு பரவாயில்லை.

அண்ணன் போன். ஹோமில் இடம் இருக்கிறதாம். பதினைந்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டுமாம். சரி என்றேன். எதற்குச் சரி என்று எனக்கே தெரியவில்லை.

ஜூலை 4, வியாழன்

பிசியோதெரபிப் பெண் வந்தாள். சின்னப் பெண், ஒல்லி. என்னைவிட ஒல்லி. இவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தனியாக மாற்றினாள்! மூச்சு வாங்கவில்லை.

அவள் சொன்னதில் எழுதி வைக்க வேண்டியது:
முழுதாகத் தூக்கக் கூடாது. நல்ல காலை வேலை செய்ய விட வேண்டும்.
நாற்காலி நல்ல பக்கம், கட்டிலை ஒட்டி.
இடுப்பில் பெல்ட். கையையோ கக்கத்தையோ பிடித்து இழுக்கக் கூடாது. (இத்தனை நாள் அதைத்தான் செய்தேன். செத்த கையைப் பிடித்து.)
முட்டியை மடக்கி, முதுகை நேராக, ஒட்டி நின்று. இது பௌசியா சொல்வதேதான்.
தரையில் விழுந்தால் பதற வேண்டாம். ஒருக்களித்து, முட்டி போட வைத்து, முன்னால் நாற்காலி போட்டு, நல்ல கையை அதில் ஊன்ற வைத்து, பிறகுதான் எழுப்ப வேண்டும்.

இவரிடம், "அங்கிள், நீங்களும் தூக்கணும். ஆன்ட்டி மட்டும் இல்ல" என்றாள். இவர் முகம் மாறினது. ஐந்து மாதத்தில் இவரிடம் யாரும் ஒரு வேலையும் சொன்னதில்லை.

ஜூலை 5, வெள்ளி

ஸ்கு. 22.5. டெ. 35.

பெல்ட் தைத்தேன். ஸ்கூல் பேக் வார் பட்டை, உள்ளே கேன்வாஸ் இரண்டு மடிப்பு, மூன்று கைப்பிடி. ஊசி இரண்டு ஒடிந்தது. ஒவ்வொரு கைப்பிடிக்கும் குறுக்கே ஆறு தையல் ஓட்டினேன். ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கிப் பார்த்தேன். தாங்கியது.

ஜூலை 7, ஞாயிறு

பழகினோம். கட்டில், நாற்காலி. முதல் தடவை இரண்டு பேருமே கட்டிலில் விழுந்தோம். இரண்டாவது தடவை இவர் எரிந்து விழுந்தார்.

"ஏட்டி, தள்ளி நின்னு பிடிச்சா எங்கன வரும்? குலையக் கையால தூக்கப்பிடாது. நெஞ்சோட அணைச்சுக்கிடணும். பொறவு கால்தான் தூக்கும்."

"அப்ப இத்தன நாளு ஏன் சொல்லல?"

"நான் குலையா?"

பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினேன்.  பிறகு, "வா. ஒட்டி நில்லு. நான் எண்ணுதேன்" என்றார்.

ஒண்ணு, ரெண்டு, மூணு.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இழுப்பு இல்லை. இரண்டு பேருக்கும் நம்ப முடியவில்லை. திரும்பச் செய்து பார்க்கப் பயம்.

ஜூலை 10, புதன்

ஸ்கு. 27.5. டெ. 45: 5. நாற்பதைத் தாண்டிவிட்டது. பௌசியா கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்தால் இவர் நனைந்து கிடக்கிறார். லீலாக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். எவ்வளவு நேரமோ, கேட்கவில்லை. மாற்றும்போது சொன்னார்: "அண்ணன்ட்ட சரின்னு சொல்லிரு." நாற்பத்தைந்து கிலோ தூக்கின சந்தோஷம் ஒரு மணி நேரம் கூட இருக்கவில்லை.

ஜூலை 13, சனி

அபி வந்தாள். காலை ரயில். மெலிந்திருக்கிறாள். அவள் பையிலிருந்து அழுக்குத் துணியை எடுக்கும்போது ஒரு கவர். உள்ளே டிசி கேட்டு எழுதின மனு. கையெழுத்துப் போட்டிருக்கிறாள், தேதி போடவில்லை. திரும்பவும் மடித்து வைத்துவிட்டேன். காலையில் பேசலாம். என்ன பேசுவது?

ஜூலை 14, ஞாயிறு

காலை எட்டு மணி. வெயில், ரொம்ப நாளைக்குப் பிறகு. அபி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது நாற்காலி பின்னால் நழுவினது. நான் பெல்ட்டைப் பிடித்திருந்ததால் வேகமாக விழவில்லை. மெதுவாக, சரிந்து, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அபி பிரஷோடு ஓடி வந்தாள். "எம்மா, லீலாக்கா மகனைக் கூப்பிடுதேன்!"

"ஆரையும் கூப்பிடாண்டாம். அடுக்களையில இருந்து மரக் கசேரிய எடுத்துட்டு வா. அப்பாவத் தொடாத."

இவர் முகம் வெளிறிக் கிடந்தது. குளிமுறியில் மூடின மாதிரியே கண்ணை மூடப் போனார்.

"கண்ணத் தொறங்க. எண்ணணும்லா."

ஒருக்களிக்க வைத்தேன். முட்டி போட வைத்தேன். நல்ல கை மர நாற்காலியில். முதல் தடவை கை வழுக்கி முகம் நாற்காலியில் இடித்தது. உதட்டில் ரத்தம். அபி அழ ஆரம்பித்தாள். "எம்மா, போதும்மா." இரண்டாவது தடவை பாதி வந்தார், என் விரல் விட்டுவிட்டது. மூன்றாவது தடவைக்கு முன்னால் நான் தரையில் உட்கார்ந்து கொஞ்சம் மூச்சு விட்டேன். இவரும் விட்டார். இரண்டு பேருக்கும் வேர்த்து வடிந்தது.

"விட்டுருட்டி" என்றார்.

"எண்ணுங்க."

எண்ணவில்லை. நானே எண்ணினேன். மூன்று சொல்லும்போது இவர் குரலும் சேர்ந்தது. வலது காலை ஊன்றினார். எனக்குத் தெரிந்தது, கால் தள்ளுவது. பாரில் வெள்ளிக்கிழமை வரை நாற்பத்தேழரைதான் தூக்கியிருக்கிறேன். மீதி இவர் தூக்கினது.

நின்றார்.

கட்டிலில் உடனே உட்கார வைக்க வேண்டும். ஆனால் நான் வைக்கவில்லை. என் தலை இவருடைய தாடைக்குக் கீழே இருந்தது. ஐந்து மாதமாகப் படுத்தும் உட்கார்ந்தும்தான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு உயரம் என்பதே மறந்துவிட்டது. உதட்டு ரத்தம் என் நெற்றியில் பட்டது. அபி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அரை நிமிடம் இருக்குமா? அதற்குள் இவர் கால் மடங்கத் தொடங்கியது, கட்டிலில் உட்கார வைத்தேன்.

மத்தியானம் அபியிடம் கேட்டேன், கவர் பற்றி. "பாத்திட்டியளா?" என்றாள். பிறகு, "இந்த செமஸ்டர் முடியட்டும். பொறவு பாப்போம்" என்றாள். பாப்போம் என்றுதான் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள்: "எம்மா, ஒங்க கை இப்பவும் நடுங்குது." முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு நானே போன் செய்தேன். வேண்டாம் என்றேன். "எத்தன நாளைக்கு?" என்றார். தெரியாது என்றேன். இவர் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். 

சாயங்கால ரயிலில் அபி போய்விட்டாள்.

ஜூலை 15, திங்கள்

மறுபடியும் மழை. லீலாக்காவை இவரோடு உட்கார வைத்துவிட்டு வந்தேன்.

ஸ்கு. 32.5: 5, 5, 3.

நான்காவதில் எழும்ப வரவில்லை. பாரைப் பக்கத்துக் கம்பியில் விட்டுவிட்டு அதன் அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழும்பவும் தோன்றவில்லை. பௌசியா, "புதன்கிழமை திரும்ப இதே எடைதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டாள்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது அபி போன். ஹாஸ்டல் போய்ச் சேர்ந்து, கிளாஸும் முடிந்துவிட்டதாம்.

"அப்பா என்ன செய்யுதாரு?"

"ஒறங்குதாரு" என்றேன்.

எனக்குத் தெரியாது. வந்து ஒரு மணி நேரமாக நான் இவரை நினைக்கவே இல்லை.